ஒற்றைக் காலில்

இந்தப் பெயர்தான் வேண்டுமென்று
ஒற்றைக் காலில் நின்றவன் நான்.
ர்ஷெஹொர்ஷ்.
பதினான்கு வருடமாக ப்ர்னோ நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்,
இந்தப் பெயரால் யாரும் யாரையும் கூப்பிட்டு
ஒரு நிறுத்தத்திலும் கேட்டதில்லை.
அதனால்தான் பிடித்தது.
முதலிலும் கடைசியிலும் ஒரே எழுத்து:
ரகரம் உருளும்போதே
அதன் மேல் ஷகரத்தை ஊத வேண்டும், ஒரே மூச்சில்.
எங்கள் பிள்ளைகளின் வாய்க்கு
எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேரும் ஒலி அது என்று
அப்போது யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஐந்தரை வயதில் அவன் பெயர் யெஹொய்.
அவன் சொல்கிற பெயர்.
அது மட்டும் என்றால் காத்திருக்கலாம்.
க கேட்டால் த வருகிறது,
ச வழியிலேயே எங்கோ விழுந்துவிடுகிறது.
ரொட்டிக் கடைக்காரி அவனைக் கேட்டுவிட்டு
என் முகத்தைப் பார்க்கிறாள்.

பேச்சுப் பயிற்சியாளர் த்ரஹொமீராவின் அறையில்
சுவரெல்லாம் நாக்குப் படங்கள் இருக்குமென்று நினைத்தேன்.
இருந்தது ஒரு கூடை துணிக் கிளிப்புகள்,
மணிகள், நூல்,
தரையில் ஒட்டிய மஞ்சள் நாடா.
"இதன் மேலேயே நட."
நடந்தான், நாடா ஒரு பக்கம் போனது.
"ஒரு காலில் நில்."
மூன்று எண்ணுவதற்குள் சாய்ந்தான்.
மேல் பொத்தானைக் கீழ்த் துளைக்குள் திணித்தான்.
நான் கூட்டிவந்தது நாக்கை.
இந்த அம்மா எதற்குக் காலைப் பார்க்கிறார்?
மடியில் இருந்த தொப்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு, "ப த க. வேகமாக, நிறுத்தாமல்."
பதக பதக பத தத பக்
மூன்றாவது சுற்றில் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது.
அவன் சிரித்தான்.
எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

"எல்லாருக்கும் இப்படி இல்லை" என்றார்.
"சில பிள்ளைகள் மரம் ஏறுவார்கள், ஊசி கோப்பார்கள்,
நாக்கு மட்டும் பின்தங்கும்.
சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.
எது எதை இழுக்கிறது என்று
எங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாது."
தெரியாது என்று அவர் சொன்ன பிறகுதான்
தொப்பியை விட்டேன்.

டிசம்பரில் ஜன்னலில் ஒட்ட
காகிதக் கெண்டை மீன்கள் வெட்டிக்கொண்டிருந்தான்.
கத்தரி வாய் திறந்தால் அவன் வாயும் திறந்தது.
வால் பக்கம் வளைவு வந்ததும்
நாக்கு வெளியே வந்து இடப்புறம் திரும்பியது.
கத்தரி நின்றால் அதுவும் நின்றது.
ஒரு மீனை இரண்டு பேர் சேர்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மலைச்சரிவு வளைவில்,
கைப்பிடியைக் குறைத்தபோது கவனித்தேன்:
என் நாக்கும் கன்னத்துக்குள் வளைந்து கிடந்தது.
பதினான்கு வருடமாக அதுவும் ஓட்டியிருக்கிறது,
சம்பளமில்லாமல்.

கால் இடறினாலும் தடுமாற்றம் என்கிறோம்,
சொல் இடறினாலும் தடுமாற்றம் என்கிறோம்.
தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்,
காதில் விழவில்லை.

இப்போது இரவுணவுக்குப் பிறகு
சமையலறையில் இருவரும் ஒரு காலில் நிற்கிறோம்,
ப த க சொல்லிக்கொண்டு.
பெரும்பாலும் நான்தான் முதலில் விழுகிறேன்.
கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடிக்கிறார்,
அவர் தாளம் தப்புவதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், நிறுத்தத்தில்,
நாயோடு நின்ற பெண் அவன் பெயரைக் கேட்டாள்.
கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.
"யெஹொர்ஷ்" என்றான்.

முதல் வண்டி வராமல் இரண்டாவது வந்து நிற்பது
என் தொழிலில் நடப்பதுதான்.
அவளுக்கு என்ன கேட்டதோ,
"நல்ல பெயர்" என்று நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

கோட்டுப் பொத்தான்கள் எல்லாம்
ஒரு துளை தள்ளி ஏறியிருந்தன.
நான் கை வைக்கவில்லை.
டிராம் வந்தது.
இரண்டு காலையும் சேர்த்துவைத்துக் குதித்து
படியில் ஏறினான்.